வில் இருக்கிறது, விரல் எங்கே?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

பெரிய அருங்காட்சியகம் எதற்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலைந்து வில்லாவது இருக்கும். பக்கத்தில் ஓர் அட்டை. எந்த நாடு, எந்த மரம், எத்தனை அடி நீளம், எந்த நூற்றாண்டு என்று அதில் எழுதியிருக்கும். அந்த நாணை எந்த விரலால், நாணின் எந்த இடத்தில் பிடித்து இழுத்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது.

அதில் என்ன இருக்கிறது, இழுத்தால் வளைகிறது, விட்டால் அம்பு போகிறது என்று தோன்றலாம். மரவில் செய்கிறவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். விரல் எங்கே விழும் என்று தெரியாமல் ஒரு வில்லைச் சரியாகச் செய்து முடிக்க முடியாது என்பார். அது ஏன் என்று பார்ப்போம். கூடவே, வரலாற்றில் நாம் எதைப் பத்திரப்படுத்தினோம், எதைக் கைநழுவ விட்டோம் என்பதும் தெரியவரும்.

1. டில்லர் என்றால் என்ன?

வில்லுக்கு நடுவில் பிடி. பிடிக்கு மேலே உள்ள பாதியை மேல்தண்டு என்றும், கீழே உள்ள பாதியைக் கீழ்தண்டு என்றும் இந்தப் பதிவில் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது இரண்டு தண்டும் ஒத்துப்போய் வளைய வேண்டும். விடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் பழைய நிலைக்கு வந்து சேர வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் அம்பின் வால் மேலோ கீழோ துள்ளும். கையில் அதிர்வு அடிக்கும், சத்தமும் அதிகம் வரும். நாளடைவில் அதிகம் வளைகிற தண்டு சோர்ந்துபோகும், அல்லது முறியும்.

இந்த ஒத்திசைவைக் கொண்டுவருவதுதான் வில் செய்வதில் கடைசி வேலை, கடினமான வேலையும் அதுதான். மரத்தைக் கொஞ்சம் சீவ வேண்டும், வளைத்துப் பார்க்க வேண்டும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும், மறுபடி வளைத்துப் பார்க்க வேண்டும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை ஆகாது. இப்படிக் கொண்டுவரும் சமனுக்கு ஆங்கிலத்தில் 'டில்லர்' என்று பெயர். வில்லை மாட்டி, நாணை இழுத்துப் பல்வெட்டுகளில் நிறுத்திவைத்து, தள்ளி நின்று வளைவைப் பார்க்க உதவும் கட்டைக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் நெசவுத்தறியின் மரத்தைக் குறித்த சொல். பிறகு குறுக்குவில்லின் கட்டையைக் குறித்து, அப்படியே ஆங்கிலத்துக்கு வந்தது.

இதை அளக்கும் முறை எளிது. நாணேற்றிய வில்லில், மேல்தண்டு தொடங்கும் இடத்திலிருந்து நாண் வரை ஓர் அளவு, கீழ்தண்டு தொடங்கும் இடத்திலிருந்து நாண் வரை ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சமமான டில்லர். இன்று மரவில் செய்கிறவர்கள் பலர் மேல் அளவை 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை அதிகமாக வைக்கிறார்கள். அதாவது மேல்தண்டு சற்று இளக்கம், கீழ்தண்டு சற்று விறைப்பு.

ஏன் சமமாக வைக்கக் கூடாது?

வில்லை நடுவில் பிடித்தால் நடுவில் கை வந்துவிடுகிறது. அம்பு கைக்கு மேலேதான் உட்கார முடியும். அம்பு மேலே போனதால் அதை இழுக்கும் விரலும் நாணின் நடுவுக்கு மேலே போகிறது. இப்போது விரலுக்கு மேலே உள்ள நாண்துண்டு குட்டை, கீழே உள்ளது நீளம். குட்டையான துண்டு தன் பக்கத்துத் தண்டைக் கூடுதலாகப் பின்னுக்கு இழுக்கிறது. அதற்கு இணங்கி வளைகிற மாதிரி மேல்தண்டைச் சற்று இளக்கமாக வைத்தால், வில் கையில் சாயாமல் நேராக நிற்கும்.

இங்கேதான் விரல் கணக்குக்குள் வருகிறது. அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் என்று பிடிப்பது ஒரு முறை. மூன்று விரலையும் அம்புக்குக் கீழேயே வைப்பது இன்னொரு முறை. விரல் அகலம் சுமார் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முதல் முறையிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது இழுவையின் மையம் அந்த 2 செ.மீ. கீழே இறங்கி, வில்லின் நடுவை நெருங்குகிறது. மேல்தண்டுக்கும் கீழ்தண்டுக்கும் இடையே வைத்த வித்தியாசம் இப்போது அந்த அளவுக்குத் தேவையில்லை. அதனால்தான் மூன்று விரலையும் கீழே வைப்பவருக்குச் செய்யும் வில்லை ஏறக்குறைய சமமாகவே முடிக்கிறார்கள். முதல் முறைக்குச் செய்த வில்லை இரண்டாவது முறையில் இழுத்தால், விறைப்பாக வைத்த கீழ்தண்டிடம் அதனால் முடியாத வளைவைக் கேட்கிறோம். வில் அதே வில்தான். விரல் ஓர் அகலம் நகர்ந்தது, சமன் போய்விட்டது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூங்கில் பிளாச்சு ஒன்றை எடுத்துச் சணலால் நாண் கட்டுங்கள். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில், இறுக்கிப் பிடிக்காமல், நடுவில் தாங்கிக்கொள்ளுங்கள். நாணைச் சரியாக நடுவில் இழுத்துப் பாருங்கள். பிறகு நடுவுக்கு நான்கு விரற்கடை மேலே இழுத்துப் பாருங்கள். வில் கைக்குள்ளேயே சாய்வது தெரியும். நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். அம்பு மட்டும் வேண்டாம்!

தோளில் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. சமன் என்பது குடங்களில் மட்டும் இல்லை, தோள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

ஆகவே டில்லர் கட்டையில் வில்லை மாட்டிக் கயிற்றுக் கொக்கியால் இழுக்கும்போது, கொக்கியை நாணின் நடுவில் போடக் கூடாது. எய்யப்போகிறவரின் விரல் விழும் இடத்தில் போட வேண்டும். இதை மறந்தால் கட்டையின் மேல் அழகாக வளையும் வில் கையில் அடம்பிடிக்கும்.

2. விரல்களைச் சேகரித்த ஒரு விலங்கியலாளர்

அமெரிக்காவில் எட்வர்டு மோர்ஸ் என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1838. சிப்பியைப் போல இரட்டை ஓடு கொண்ட ஒருவகைக் கடல் உயிரினங்களை ஆராய 1877இல் ஜப்பானுக்குப் போனார். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். யோகோகாமாவிலிருந்து டோக்கியோ போகும் ரயிலின் ஜன்னல் வழியே ஓமோரி என்ற இடத்தில் ஒரு சிப்பிமேட்டைக் கண்டு, அங்கே அகழாய்வு செய்தார். ஜப்பானிய தொல்லியல் அங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்வார்கள்.

இந்த மோர்ஸ் ஒரு ஜப்பானிய நண்பரோடு சேர்ந்து இலக்கு நோக்கி அம்பு எய்தபோது ஒன்றைக் கவனித்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலேய முறைக்கும் நண்பரின் முறைக்கும் எதிலும் ஒற்றுமை இல்லை. ஆங்கிலேயர் விரல்களால் இழுப்பார்கள், ஜப்பானியர் கட்டைவிரலால் இழுப்பார்கள். ஆங்கிலேயருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் இருக்கும், ஜப்பானியருக்கு வலப்பக்கம். சும்மா ஓர் ஆர்வத்தில் இதைத் தேட ஆரம்பித்த மோர்ஸ், அசீரியச் சிற்பங்கள், எகிப்திய ஓவியங்கள், கிரேக்கச் சாடிகள், பயணிகளின் குறிப்புகள் என்று எங்கெல்லாம் வில்லாளியின் கை தெரிகிறதோ அங்கெல்லாம் தேடி, 1885இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். நாணை விடுவிக்கும் முறைகளை ஐந்தாகப் பிரித்தார்.

முதலாவது, கட்டைவிரலுக்கும் மடக்கிய ஆள்காட்டி விரலுக்கும் இடையே அம்பின் அடியைக் கிள்ளிப் பிடித்து இழுப்பது. உலகமெங்கும் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு வில்லை இப்படித்தான் இழுக்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தக் கிள்ளுப்பிடிக்கு மற்ற விரல்களின் துணையைச் சேர்த்துக்கொள்பவை. நான்காவது, கட்டைவிரலைச் சேர்க்காமல் இரண்டு மூன்று விரல்நுனிகளால் நாணை இழுப்பது. இதற்கு மத்தியதரைக்கடல் முறை என்று பெயர் வைத்தார். ஐந்தாவது, கட்டைவிரலைக் கொக்கிபோல நாணில் மாட்டி இழுக்கும் மங்கோலிய முறை.

இந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மோர்ஸின் பெரிய உதவி வகைப்பாடு மட்டும் அல்ல. அதற்கு முன் பலர் வில்லைக் கொண்டுவந்தார்கள், அம்பைக் கொண்டுவந்தார்கள். கையைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் குறைவு. கையை எடுத்துவந்து பெட்டியில் வைக்க முடியாது. பார்த்தவர் எழுதிவைத்தால்தான் உண்டு.

3. நடுவில் பிடிக்காத வில்

மோர்ஸின் நண்பர் கையில் இருந்திருக்கக்கூடிய ஜப்பானிய வில்லைப் பார்ப்போம். அதன் பெயர் யூமி. வழக்கமான அளவு சுமார் 221 செ.மீ. ஆளைவிட உயரம். வியப்பு என்னவென்றால் அதன் பிடி நடுவில் இல்லை. கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. பிடிக்கு மேலே நீளம், கீழே குட்டை. விரல் விழும் இடமும் அதற்கேற்ப நாணின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடுகிறது.

நாம் மேலே பார்த்த மில்லிமீட்டர் கணக்கு இங்கே செல்லாது. இரண்டு தண்டும் நீளத்திலேயே வேறு. குட்டையான கீழ்ப்பகுதியையும் நீளமான மேல்பகுதியையும் ஒரே இழுவைக்கு ஒத்துப்போகச் செய்வது யூமி செய்கிறவரின் வித்தை. இழுப்பவர் தோல் கையுறை அணிந்த கட்டைவிரலை நாணில் மாட்டி, அதன்மேல் மற்ற விரல்களை வைத்து அழுத்திக்கொள்கிறார். கட்டைவிரல் நாணை ஒரு சிறிய இடத்தில் மட்டும் பிடிக்கிறது. மூன்று விரல் வைத்தால் அது ஐந்தாறு செ.மீ. நீளத்துக்கு நாணைப் பிடிக்கும். ஆசியப் புல்வெளிகளின் குட்டையான குதிரைவீரர் வில்லுக்குக் கட்டைவிரல் பொருந்தியதற்கு ஒரு காரணம் இதுதான். குட்டை வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் கூர்மையாக மடங்கும். அந்த மடிப்பில் மூன்று விரல்கள் நசுங்கும், மோதிரம் போட்ட ஒரு கட்டைவிரல் தாங்கும்.

யூமி ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது? குதிரையின் கழுத்தைத் தாண்டி இருபுறமும் வில்லைத் திருப்ப வசதியாக, சாமுராய் வீரர்கள் அடிப்பகுதியைக் குட்டையாக்கினார்கள் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சீனத்தில் 3ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட வெய் நாட்டு வரலாற்றில் ஜப்பானிய மக்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அவர்களுடைய மரவில் கீழே குட்டை, மேலே நீளம் என்று அதில் குறிப்பு இருக்கிறது. அதே பகுதியில் அந்த நாட்டில் குதிரை இல்லை என்றும் இருக்கிறது. குதிரை வருவதற்கு முன்பே வில் கோணலாகிவிட்டது என்றால், கோணலுக்குக் காரணம் குதிரையாக இருக்க முடியாது. பிற்காலத்தில் குதிரை வீரருக்கு அது உதவியிருக்கலாம், அது வேறு விஷயம். மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது: ஒரு பொருளின் இன்றைய பயன் அது பிறந்த காரணமாக இருந்தே தீர வேண்டும் என்று இல்லை.

4. ஒரே ஆண்டில் ஒரு புத்தகமும் ஒரு கப்பலும்

இனி இங்கிலாந்து. 1545இல் ரோஜர் ஆஸ்கம் என்ற ஆசிரியர் 'டாக்சோஃபிலஸ்' என்ற நூலை வெளியிட்டார். வில்வித்தையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். இருவர் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதப்பட்டது. ஒருவர் வில்லை நேசிப்பவர், மற்றவர் படிப்பை நேசிப்பவர். பின்னாளில் அரசியான எலிசபெத்துக்கு இளவரசியாக இருந்தபோது பாடம் சொல்லிக்கொடுத்தவர் இந்த ஆஸ்கம்தான்.

அவர் எழுதியதில் இரண்டு இடங்கள் நம் விஷயத்துக்கு நேராக வருகின்றன. புது வில்லை வாங்கினால் முதலில் வெளியில் கொண்டுபோய்க் கனமான அம்புகளை எய்து பார்க்கச் சொல்கிறார். எந்த இடம் அதிகம் வளைகிறது என்று கவனித்து, மரம் நொந்துபோவதற்கு முன் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார். அதாவது கடையில் வாங்கிய வில் பாதி வில். எய்கிறவர் கையில் பழகிய பிறகுதான் அதன் சமன் முடிவாகிறது.

இரண்டாவது, கையுறையைப் பற்றிய குறிப்பு. இழுவையின் பாரம் ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும்தான் விழுகிறது, நடுவில் இருக்கும் நீளமான விரல் சோம்பேறிபோலப் பின்வாங்கி நின்றுவிடுகிறது என்கிறார். ஆகவே அந்த இரண்டு விரலுக்கும் தோல் தடிமனாக இருக்க வேண்டும் என்கிறார். இந்த ஒரு குறிப்பிலிருந்து அவர் காலத்து ஆங்கிலேயர் மூன்று விரல் வைத்தார்கள் என்பதும், பாரம் எப்படிப் பிரிந்தது என்பதும் நமக்குத் தெரிகிறது. 480 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கை நமக்குத் தெரிகிறது என்றால், ஓர் ஆசிரியர் உட்கார்ந்து எழுதிவைத்ததுதான் காரணம்.

அதே 1545, ஜூலை 19. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' போர்ட்ஸ்மத் அருகே கடலில் மூழ்கியது. 1982இல் அதன் உடலை மேலே கொண்டுவந்தார்கள். அதிலிருந்து 137 முழு வில்களும் 3,500க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. கடலடிச் சேறு அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது. இடைக்கால இங்கிலாந்தின் புகழ்பெற்ற நெடுவில் எப்படி இருந்தது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது அப்போதுதான்.

வில்லோடு மனிதர்களும் கிடைத்தார்கள். அந்த எலும்புக்கூடுகளில் தோள்பட்டை எலும்பின் முனை ஒட்டாமலே நின்றுவிட்டவை வழக்கத்தைவிட அதிகம். இளவயதிலிருந்தே கனமான வில்லை இழுத்ததன் விளைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு வில்லாளியின் வலக்கை விரலெலும்பில் உள்ள பள்ளத்தை, நாண் இழுத்து இழுத்து ஏற்பட்ட தேய்மானம் என்று அருங்காட்சியகத்தார் விளக்குகிறார்கள். வில்லும் விரலும் ஒரே இடத்தில் கிடைத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

பிற்கால ஆங்கிலேய நெடுவில்லின் பிடியில் இந்த விரல் கணக்கு அளவாகவே இறங்கியிருக்கிறது. 4 அங்குலப் பிடியில் 1 அங்குலம் வில்லின் நடுவுக்கு மேலே, 3 அங்குலம் நடுவுக்குக் கீழே என்பது பழைய வழக்கம். அம்பு நடுவுக்கு ஓர் அங்குலம் மேலே போகும். அம்புக்குக் கீழே இருக்கும் நடுவிரல் ஏறத்தாழ வில்லின் நடுவுக்கு வந்துவிடும். கீழ்தண்டு 2 அங்குலம் குட்டையாகவும், அதனால் விறைப்பாகவும் இருக்கும். மேலே ஒன்று, கீழே இரண்டு என்று விரல் வைக்கிறவருக்காகப் போட்ட அளவு அது.

இந்த இடத்தில் வாட்ஸப்பில் சுற்றும் ஒரு கதையையும் சொல்லிவிடுகிறேன். 1415இல் அஜின்கோர்ட் போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேய வில்லாளிகளின் இரண்டு விரல்களை வெட்டுவோம் என்று மிரட்டினார்களாம். வென்றபின் ஆங்கிலேயர் அந்த இரண்டு விரலையும் உயர்த்திக் காட்டினார்களாம். 'வி' சைகை அப்படித்தான் பிறந்ததாம். சைகைக்கும் அந்தப் போருக்கும் தொடர்பு காட்டும் அக்காலச் சான்று கிடையாது. மிரட்டலைப் பற்றிய குறிப்பு மட்டும் ழான் தெ வாவ்ரின் என்ற வரலாற்றாசிரியரின் நூலில் இருக்கிறது. ஐந்தாம் ஹென்றி தன் வீரர்களிடம் அப்படிச் சொன்னதாக எழுதுகிறார். அதில் வருவது வலக்கையின் மூன்று விரல்கள், இரண்டு அல்ல. ஆஸ்கம் சொல்லும் கைக்கு அது பொருந்தி வருகிறது.

5. இஷியின் கட்டைவிரல்

இப்போது சொல்லப்போவது வருத்தமான கதை.

1911 ஆகஸ்ட் 29. கலிபோர்னியாவில் ஓரவில் என்ற ஊருக்கு அருகே ஓர் ஆள் காட்டிலிருந்து பசியோடு வெளியே வந்தார். யாஹி என்ற பூர்வகுடியின் கடைசி மனிதர் அவர். வெள்ளையர் குடியேற்றத்தின்போது நடந்த படுகொலைகளில் அவருடைய மக்கள் அழிந்துபோனார்கள். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கம் இல்லை. ஆகவே மானிடவியலாளர் குரோபர் அவரை இஷி என்று அழைத்தார். அவர்கள் மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். எஞ்சிய நாட்களை இஷி சான் பிரான்சிஸ்கோவில் அருங்காட்சியகக் கட்டிடத்திலேயே கழித்தார்.

பக்கத்தில் இருந்த மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். இருவரும் நண்பர்கள் ஆனார்கள். இஷி வில் செய்வதையும் அம்பு செய்வதையும் எய்வதையும் போப் பக்கத்தில் இருந்து பார்த்தார், கூடவே காட்டுக்கும் போனார். 1916 மார்ச்சில் இஷி காசநோயால் இறந்தார். 1918இல் போப் 'யாஹி வில்வித்தை' என்ற ஆய்வை வெளியிட்டார்.

அதில் இஷியின் கை விரிவாக இருக்கிறது. வலக்கைக் கட்டைவிரலை நாணில் கொக்கியாக மாட்டுவார். நடுவிரலின் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து அழுத்திக்கொள்வார். வில்லை ஆங்கிலேயர் போலச் செங்குத்தாகப் பிடிக்காமல் குறுக்காகச் சாய்த்துப் பிடிப்பார். வில் குட்டையானது, முதுகில் விலங்கின் தசைநார் ஒட்டியது. மோர்ஸின் ஐந்து வகைகளில் மங்கோலிய முறைக்கு நெருக்கமானது, ஆனால் அச்சாக அதுவே இல்லை. இஷியோடு இதுவும் மறைந்திருக்கும். நண்பர் ஒருவர் கவனித்து எழுதியதால் நமக்குக் கிடைத்தது.

இஷியிடம் கற்ற போப், தன் வேட்டைக்கு எடுத்துக்கொண்டது ஆங்கிலேய நெடுவில்லையும் மூன்று விரல் முறையையும்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரவர் கை அவரவருக்கு. பிறகு அவர் அருங்காட்சியகத்தில் இருந்த பல நாட்டு வில்களை எய்து, எது எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து 1923இல் ஒரு நூல் எழுதினார். பயனுள்ள வேலை. ஆனால் இப்படிப்பட்ட சோதனை எதைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த வில்லை அதற்குரிய விரலால் இழுத்தார்களா? கட்டைவிரலுக்குச் செய்த வில்லை மூன்று விரலால் இழுத்து, தூரம் குறைவு என்று குறித்துவைத்தால், குறை வில்லின் கணக்கிலும் அதைச் செய்த மக்களின் கணக்கிலும் ஏறிவிடும். 'அவர்களுடைய வில் மட்டமானது' என்று எழுதிவிடுவது எளிது. விரல் தெரியாமல் அப்படி எழுதுவது நியாயம் இல்லை.

6. ஏகலைவன்

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஏகலைவன் நினைவு வராமல் இருந்திருக்காது.

துரோணர் கேட்டது வலக்கைக் கட்டைவிரல். குரு அநியாயமாகக் கேட்டாரே என்ற வகையில்தான் நாம் இதைப் பேசுவோம். அதைப் பேசவும் வேண்டும். நம் விஷயத்துக்கு மகாபாரதம் சொல்லும் அடுத்த செய்தி முக்கியம். விரலைக் கொடுத்தபின் ஏகலைவன் எய்வதை நிறுத்தவில்லை. மீதி விரல்களால் எய்தான். பழைய வேகம் மட்டும் வரவில்லை.

கதையை வரலாறாகக் கொள்ள வேண்டாம். ஆனால் கதையைச் சொன்னவர்களுக்கு வில் தெரிந்திருக்கிறது. மூன்று விரலால் இழுக்கிறவருக்குக் கட்டைவிரல் போனால் எய்வது முற்றிலும் நின்றுவிடாது. ஒருவனுடைய முழுத் திறமையும் கட்டைவிரலில் இருந்தது என்றால், அவன் நாணை இழுத்ததும் கட்டைவிரலின் துணையோடுதான் என்று கேட்பவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நாம் மேலே பார்த்த கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். வில் பழைய வில். பழகிய விரல் இல்லை. இழுவை விழும் இடம் மாறிவிட்டது. துரோணர் வில்லைப் பறிக்கவில்லை. பறித்திருந்தால் காட்டில் இன்னொரு வில் செய்துகொண்டிருப்பான்.

7. கடைசியாக ஒரு வேண்டுகோள்

வில்லை மட்டும் வைத்துக்கொண்டு விரலை ஓரளவு ஊகிக்கலாம். இரண்டு தண்டுகளின் நீளம், தடிமன், பிடியின் இடம் ஆகியவை சாட்சி சொல்லும். ஆனால் நூற்றாண்டுகளாக உலர்ந்து வளைந்துபோன மரத்தில் மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். எழுதி வைத்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

வில்லுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. அரிவாளின் வளைவு அறுக்கிறவரின் மணிக்கட்டுக்காக. உளியின் காம்பு தச்சரின் உள்ளங்கைக்காக. தவிலில் ஒரு பக்கம் கோல், மறுபக்கம் கூடு போட்ட விரல்கள். பொருளை வாங்கி ஷோகேஸில் வைத்துவிடலாம். கையை அப்படி வைக்க முடியாது. அது அந்த மனிதரோடு போய்விடும்.

மோர்ஸுக்கும் ஆஸ்கமுக்கும் போப்புக்கும் இருந்தது காகிதமும் பேனாவும்தான். நம் எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. உங்கள் ஊரில் குயவர், தச்சர், நெசவாளர், பாய் முடைகிறவர், வலை பின்னுகிறவர் யாராவது இருந்தால், அவர்கள் அனுமதியோடு, முகத்தைவிடக் கையை நெருக்கமாக ஐந்து நிமிடம் படம் எடுத்து வையுங்கள். எந்த விரல் எங்கே இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். பெயர், ஊர், தேதி போட மறக்காதீர்கள்.

அடுத்தமுறை அருங்காட்சியகத்தில் ஒரு வில்லைப் பார்த்தால் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியையும் கேளுங்கள்: இதை இழுத்த விரல் எங்கே இருந்திருக்கும்? பிடி நடுவில் இருக்கிறதா, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அவர்களே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

 ஆசிரிய நண்பர்கள் தாராளமாக வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.